ஜாங்கோ 1.11.5-இலிருந்து 4.2 வரை: வேலூர்ப் பரிசோதனைக்கூடம் ஒன்றின் மென்பொருள் மேம்பாடு – நிகழ்வு ஆய்வு

## பின்னணி

வேலூரில் இரத்தப் பரிசோதனைக்கூடங்கள் விடிவதற்கு முன்பே திறந்துவிடும். வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்க வேண்டியவர்கள் ஆறு மணிக்கே வரிசையில் நிற்பார்கள். அந்த வரிசையில் தமிழோடு வங்காளமும் இந்தியும் கேட்கும். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், அசாம் என்று தொலைவிலிருந்து சிகிச்சைக்கு வருபவர்கள் லாட்ஜுகளில் தங்கி, வந்த வேலை முடிந்ததும் காட்பாடியில் ரயிலேறிவிடுகிறார்கள். சில பரிசோதனைகளின் முடிவு வருவதற்குள் அவர்கள் ஊர் போய்ச் சேர்ந்திருப்பார்கள். ஆகவே இங்கே சிறிய பரிசோதனைக்கூடத்துக்கும் ரிப்போர்ட்டைக் கைபேசியில் பார்க்கும்படியான இணையதளம் தேவைப்படுகிறது.

இந்த ஆய்வில் வரும் கூடம் அத்தகையது. மூன்று கிளைகள், நடத்துபவர் ஒரு நோயியல் மருத்துவர். 2017-ஆம் ஆண்டின் இறுதியில் ஓர் இளைஞர் அவர்களுக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தார். நிரல்மொழி பைத்தான் 2.7, அதில் இணையதளம் எழுத உதவும் கட்டமைப்பு ஜாங்கோ 1.11.5, தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் 9.5, உபுண்டு 16.04 இயங்குதளத்தில் ஓடும் சர்வர். அன்றைய நிலையில் அது நல்ல தேர்வு. 2019-இல் அவர் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டார். அதன்பின் ஒரு வரியைக்கூட யாரும் மாற்றவில்லை. காலை ஆறு மணிக்கு மென்பொருள் நின்றால் வாசலில் பட்டினியோடு நாற்பது பேர் நிற்பார்கள். அந்தப் பயம் நியாயமானது. அதை அலட்சியம் என்று நான் சொல்ல மாட்டேன்.

2023 மே மாதத்தில் ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு காலணி ஏற்றுமதித் தொழிற்சாலை, தன் தொழிலாளர்களின் ஆண்டு உடல் பரிசோதனையை இவர்களிடம் ஒப்படைக்க முன்வந்தது. கூடவே ஒரு கேள்விப்பட்டியலும் வந்தது. தொழிலாளர்களின் மருத்துவத் தகவல் எந்த மென்பொருளில் வைக்கப்படுகிறது, அதன் பதிப்பு எது, கடைசியாக எப்போது பாதுகாப்புத் திருத்தம் செய்யப்பட்டது என்பவை அதில் இருந்தன. மூன்றாவது கேள்விக்குப் பதில் எழுத முடியாமல்தான் மருத்துவர் எங்களை அழைத்தார். காட்பாடியில் நானும் நண்பர் ஒருவரும் இத்தகைய வேலைகளைச் செய்து வருகிறோம்.

## முதல் நாள் கண்டவை

இந்த மென்பொருள் சார்ந்திருக்கும் வெளித் தொகுப்புகளின் பட்டியலை எடுத்து, எங்கள் கணினியில் பிப்-ஆடிட் என்ற ஓட்டை தேடும் கருவியில் கொடுத்தோம். அறியப்பட்ட பாதுகாப்பு ஓட்டைகள் திரை நிரம்பி, அதற்கு மேலும் ஓடின. ஜாங்கோ 1.11 வெளியானது 2017 ஏப்ரலில். நீண்டகால ஆதரவுப் பதிப்பு (கூடுதல் காலத்துக்குத் திருத்தங்கள் வரும் பதிப்பு) என்றாலும் 2020 ஏப்ரலோடு அதன் ஆதரவு முடிந்தது. பைத்தான் 2-இன் ஆதரவு 2020 ஜனவரி 1-உடன் முடிந்தது. உபுண்டு 16.04-க்கான வழக்கமான ஆதரவு 2021 ஏப்ரலில் நின்றது. அடித்தளம் மூன்று அடுக்கிலும் காலாவதியாகியிருந்தது.

பட்டியலின் நீளத்தைப் பார்த்து மிரள்வதில் பயனில்லை. ஒவ்வோர் ஓட்டையையும் எடுத்து, நம் நிரலில் அதை எட்ட வழி இருக்கிறதா என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்டதில் இரண்டு உடனடியாகக் கவலை தந்தன.

முதலாவது சிவிஇ-2019-14234 (சிவிஇ என்பது அறியப்பட்ட ஓட்டைகளுக்குப் பொதுவாக இடும் அடையாள எண்). போஸ்ட்கிரெஸின் ஜேசன் புலங்களில் (தகவலைப் பெயரும் மதிப்புமாகச் சேர்த்து வைக்கும் இடங்களில்) தேடும்போது, தேடலுக்கான சாவிப்பெயரை வெளியிலிருந்து வரும் தகவலைக் கொண்டு அமைத்தால், அதன் வழியே தரவுத்தளக் கட்டளையைச் செருகிவிட முடியும் என்பது அந்த ஓட்டை. இங்கே பரிசோதனை முடிவுகள் எல்லாம் ஜேசன் புலத்தில்தான் இருந்தன. பரிந்துரைக்கும் மருத்துவர்களுக்கென்று ஒரு தேடல் திரை இருந்தது. முகவரிப் பட்டையில் வரும் சொற்களை அப்படியே ஓர் அகராதியாக்கி, ஜாங்கோவின் தேடல் கட்டளையான ஃபில்டருக்குள் விரித்துக் கொடுத்திருந்தார்கள். அந்தப் பாதுகாப்பு அறிவிப்பு எதைச் செய்யக்கூடாது என்றதோ, அது வரி பிசகாமல் இந்த நிரலில் இருந்தது.

இரண்டாவது சிவிஇ-2019-19844, கடவுச்சொல்லை மீட்டெடுக்கும் வசதியில் இருந்த ஓட்டை. துருக்கி மொழியில் புள்ளியில்லாத ‘ஐ’ எழுத்து ஒன்று உண்டு. பெரிய எழுத்தாக மாற்றினால் அது சாதாரண ‘ஐ’ ஆகிவிடும். அந்த எழுத்தைக் கலந்து ஒருவர் மின்னஞ்சல் முகவரி கொடுத்தால், எழுத்துப் பேதம் பாராத ஒப்பீட்டில் அது வேறொருவரின் முகவரியோடு பொருந்திவிடும். பழைய ஜாங்கோ, கணக்கில் பதிவான முகவரிக்கு அனுப்பாமல், திரையில் தட்டிய முகவரிக்கே மீட்பு இணைப்பை அனுப்பியது. அதாவது, வீட்டுச் சாவியை உரிமையாளரிடம் கொடுக்காமல் கேட்டவரிடமே கொடுத்துவிடுவது.

## முதல் முடிவு: அன்றிரவே ஒரு சிறு படி

“ஒரேயடியாகப் புதிய பதிப்புக்கே போய்விடலாமே தம்பி, இரண்டு முறை எதற்கு?” என்று மருத்துவர் கேட்டார். புதிய பதிப்புக்குப் போகச் சில மாதங்கள் ஆகும். அந்த மாதங்கள் முழுவதும் கதவு திறந்தே கிடக்கும் என்று சொன்னேன். மேலே சொன்ன முதல் ஓட்டை 1.11.23-இலும், இரண்டாவது 1.11.27-இலும் அடைக்கப்பட்டிருந்தன. அந்த வரிசையின் கடைசிப் பதிப்பு 1.11.29, அது பைத்தான் 2.7-இலேயே ஓடும். ஒரே வரிசைக்குள் நகர்வதால் நிரல் உடையும் வாய்ப்பு மிகக் குறைவு.

அன்றிரவு பத்து மணிக்கு, கடைசிக் கிளையும் மூடிய பிறகு, முழு நகல் எடுத்துக்கொண்டு 1.11.29-க்கு மாற்றினோம். தேடல் திரையில் எந்தெந்தப் பெயர்களால் தேடலாம் என்று ஒரு பட்டியல் எழுதி, மற்றவை அனைத்தையும் நிராகரிக்கச் செய்தோம். பதினொன்றரைக்குள் வேலை முடிந்தது. பெரிய மேம்பாட்டை நினைத்து இந்தச் சிறு படியைத் தள்ளிப் போடுவதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். இந்த நிகழ்விலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதைத்தான் எடுத்துக்கொள்ளச் சொல்வேன்.

இந்த ஓட்டைகளை ஏற்கெனவே யாராவது பயன்படுத்தியிருக்கிறார்களா என்றும் தேடினோம். சர்வரின் பதிவேடுகள் 14 நாட்களுக்கு மட்டுமே இருந்தன. அந்த 14 நாட்களில் சந்தேகப்படும்படி எதுவும் இல்லை. அதற்கு முந்தைய ஐந்தரை ஆண்டுகளைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது என்று மருத்துவரிடம் எழுதியே கொடுத்தோம். பதிவேடுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும் என்று இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலிலேயே உத்தரவிட்டிருந்தது.

## நீண்ட பாதையை வகுத்தது

1.11-ஓடு நின்றுவிட முடியாது. எடுத்துக்காட்டாக, 2022 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட சிவிஇ-2022-28346 என்ற தரவுத்தள ஓட்டைக்கு 2.2.28, 3.2.13, 4.0.4 ஆகியவற்றில் திருத்தம் வந்தது. ஆதரவு முடிந்த 1.11-க்கு வரவில்லை. இனி வருபவையும் வரா.

1.11 பைத்தான் 2.7-இலும் ஓடும், 3.7-இலும் ஓடும், ஆற்றைக் கடக்க இருந்த ஒரே பாலம் அதுதான். ஆகவே ஜாங்கோவைத் தொடாமல் முதலில் பைத்தானை மாற்றுவது, பிறகு நீண்டகால ஆதரவுப் பதிப்புகளில் கால் வைத்து 2.2, 3.2, 4.2 என்று போவது என்று முடிவு செய்தோம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால்தான், ஏதாவது உடைந்தால் எதனால் உடைந்தது என்று தெரியும்.

தானியங்கிச் சோதனை ஒன்றுகூட எழுதப்பட்டிருக்கவில்லை. புதிதாக எழுதலாம் என்றால், எது சரியான விடை என்று சொல்ல ஆளில்லை. ஆனால் ஆறு மாத பில்களும் ரிப்போர்ட்டுகளும் இருந்தன. அவற்றைப் பழைய மென்பொருளில் ஒருமுறை, புதியதில் ஒருமுறை உருவாக்கி, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டால் அதுவே சோதனை. நோயாளிகளின் பெயரையும் கைபேசி எண்ணையும் வேறொன்றாக மாற்றிய நகலை வைத்து இதைச் செய்தோம்.

## 129.2 அல்லது 130

பைத்தான் 3.7-க்கு மாற்றி முதல் ஒப்பீட்டை ஓட்டியபோது, கொழுப்புப் பரிசோதனை ரிப்போர்ட்டுகளில் பெரும்பாலானவை வேறுபட்டன.

கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல்லைப் பல கூடங்களில் நேரடியாக அளப்பதில்லை. 1972-இல் வெளியான ஃபிரீட்வால்ட் சூத்திரத்தைக் கொண்டு கணக்கிடுகிறார்கள். மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து நல்ல கொழுப்பான எச்டிஎல்லையும், டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிக்க வேண்டும். டிரைகிளிசரைடு 400-க்குக் கீழ் இருந்தால் மட்டுமே இது பொருந்தும். கருவியிலிருந்து வரும் எண்கள் முழு எண்கள். பைத்தான் 2-இல் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் பின்னப் பகுதி சத்தமில்லாமல் வெட்டப்படும். பைத்தான் 3-இல் அப்படியே நிற்கும்.

ஒரு ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தோம். மொத்தக் கொலஸ்ட்ரால் 204, எச்டிஎல் 45, டிரைகிளிசரைடு 149. ஐந்தில் ஒரு பங்கு 29.8; பழைய மென்பொருளுக்கு அது 29. ஆகவே பழைய ரிப்போர்ட்டில் எல்டிஎல் 130. சரியான கணக்கில் 129.2. 130-ஐத் தொட்டால் ‘எல்லைக்கோட்டில் அதிகம்’ என்று தடித்த எழுத்தில் அச்சாகும். அந்த நோயாளிக்கு அப்படி அச்சாகியிருந்தது.

வேறுபாடு அதிகபட்சம் 0.8 தான். இதற்காக எந்த மருத்துவரும் சிகிச்சையை மாற்ற மாட்டார் என்று மருத்துவரே சொன்னார். ஆனாலும் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். தன் கையெழுத்தோடு போன தாள் அது.

எதை வைத்துக்கொள்வது என்பதில் குழப்பம் இல்லை, சரியான கணக்கைத்தான். ஆனால் பழைய ரிப்போர்ட்டுகளில் ஒரு சிக்கல் இருந்தது. இந்த மென்பொருள் எல்டிஎல்லைச் சேமித்து வைப்பதில்லை. ரிப்போர்ட்டைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிடும். அப்படியே மேம்படுத்தியிருந்தால், கொல்கத்தாவில் ஒருவர் கையில் இருக்கும் அச்சுத்தாளில் 130 என்றும், அதே ரிப்போர்ட்டைக் கைபேசியில் திறந்தால் 129.2 என்றும் இருக்கும். எது உண்மை என்று அவர் யாரிடம் கேட்பார்? ஆகவே மாற்றத்துக்கு முன், அதுவரை வெளியான ரிப்போர்ட்டுகள் அனைத்துக்கும் பழைய முறையில் வந்த எண்ணையே தரவுத்தளத்தில் எழுதி உறையவைத்தோம். புதிய முறை தொடங்கும் நாளைக் குறித்து, பழைய ரிப்போர்ட்டுகளின் அடியில் கணக்கீட்டு முறை பற்றிய ஒரு வரிக் குறிப்பைச் சேர்த்தோம். குறிப்பின் வாசகம் மருத்துவருடையது.

பாதுகாப்பு ஓட்டையைத் தேடிப் போன இடத்தில் கிடைத்த பிழை இது. மென்பொருளைத் தொடாமலே விட்டிருந்தால் இன்றும் அச்சாகிக்கொண்டிருக்கும்.

## ஒரு ரூபாயும் ஒரு பெயரும்

பில்களிலும் வேறுபாடு வந்தது. ஆனால் சிலவற்றில் மட்டும். மூத்த குடிமக்களுக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி உண்டு. 425 ரூபாய் பில் 382.50 ஆகும். பைத்தான் 2-இல் முழு எண்ணாக்கும் ரவுண்ட் கட்டளை அதை 383 ஆக்கும். பைத்தான் 3 சரிபாதியை அருகிலுள்ள இரட்டை எண்ணுக்குக் கொண்டுபோவதால் 382 ஆக்கும். 475 ரூபாய் பில்லுக்கோ 427.50, இரண்டிலும் 428 தான் வரும். சோதனைத் திரையைக் கல்லாவில் இருக்கும் அக்காவிடம் காட்டியபோது, எதுவும் சொல்லாமலே அவர் கண்டுபிடித்துவிட்டார்: “தம்பி, 425-க்கு எப்போதும் 383 வாங்குவோம். இதில் ஒரு ரூபாய் குறைகிறதே?” தசமக் கணக்கு வகைக்கு மாறி, பாதியை எப்போதும் மேலே கொண்டுபோகும்படி வெளிப்படையாக எழுதினோம். அதன்பின் வேறுபாடு இல்லை.

சாம்பிள் குழாயில் ஒட்டும் பெயர்ச்சீட்டில் இருந்த பிழைக்கும் பைத்தான் மாற்றத்துக்கும் தொடர்பில்லை. ஒப்பீட்டின்போது கண்ணில் பட்டது. நீளமான பெயரை 20 பைட்டுகளில் வெட்டும்படி எழுதியிருந்தார்கள். யூடிஎஃப்-8 என்ற எழுத்துச் சேமிப்பு முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். ‘தமிழ்ச்செல்வி’ என்ற பெயருக்கு 39 பைட் வேண்டும். 20-இல் வெட்டினால் ‘தமிழ்ச’ என்று நின்று, பக்கத்தில் ஒரு வெற்றுக்கட்டம் அச்சாகும். பிரின்டர் பழுது என்று நினைத்து, ஊழியர்கள் ஏறத்தாழ ஆறு ஆண்டுகளாகப் பேனாவால் பெயரை எழுதி வந்திருக்கிறார்கள். முழு எழுத்துகளை எண்ணி வெட்டும்படி மாற்றினோம்.

ஜாங்கோ 2.0 முதல், ஒரு பதிவை நீக்கினால் அதைச் சார்ந்த பதிவுகள் என்னவாக வேண்டும் என்பதை நிரலில் சொல்லியே ஆக வேண்டும். அதற்கு முன், சொல்லாவிட்டால் சார்ந்தவையும் சேர்ந்து அழியும். பரிந்துரைக்கும் மருத்துவர் ஒருவரின் பதிவை யாராவது நீக்கியிருந்தால், அவர் அனுப்பிய நோயாளிகளின் பில்கள் அத்தனையும் போயிருக்கும். இனி அப்படி நீக்க முடியாது.

பிடிஎஃப் உருவாக்கப் பயன்பட்ட டபிள்யூகே-எச்டிஎம்எல்-டு-பிடிஎஃப் கருவியின் நிரல் களஞ்சியம் 2023 ஜனவரியில் மூடப்பட்டுவிட்டதால், அதே வேலையைச் செய்யும் வீசிபிரின்ட்டுக்கு மாறினோம்.

## நேரலை மாற்றம்: ஜூலையும் செப்டம்பரும்

ஜூலையில் ஒரு ஞாயிறு மாலை, உபுண்டு 22.04 உள்ள புதிய சர்வரில், தனிக் கொள்கலனில் (சர்வரின் மற்ற மென்பொருளிலிருந்து பிரித்து வைத்த இடத்தில்) பைத்தான் 3.7, ஜாங்கோ 2.2.28 ஆகியவற்றோடு நேரலைக்கு வந்தோம். 2.2-இன் ஆதரவும் 2022 ஏப்ரலிலேயே முடிந்திருந்தது. தெரிந்தே அங்கே நின்றோம். பைத்தான் மாற்றம்தான் மிகப் பெரியது. அது முதலில் உண்மையான காலை வரிசையில் சோதிக்கப்படட்டும் என்பது எங்கள் எண்ணம். எண்ணம் சரி. ஆனால் அதற்கு இரண்டு மாதம் தேவையில்லை. மூன்று வாரம் போதும்.

3.2 சோதனைக் கணினியில் மட்டும் வந்து போனது. 3.0 முதல், ஒரு பக்கத்தை இன்னொரு பக்கத்தின் சட்டகத்துக்குள் (ஃபிரேம்) காட்டுவது இயல்பாகவே தடுக்கப்படுவதால், ரிப்போர்ட் முன்னோட்டம் வெறுமையாகத் தெரிந்தது. அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும், அதே தளத்துக்குள் காட்டலாம் என்று அனுமதித்தோம்.

செப்டம்பரில் ஒரு ஞாயிறு இரவு 4.2-க்கு மாற்றியபோதுதான் தடுமாறினோம். முகப்புப் பக்கம் வந்தது. ஆனால் யாராலும் உள்ளே நுழைய முடியவில்லை. கடவுச்சொல்லைத் தட்டினால் 403, அதாவது அனுமதி மறுப்பு. காரணம் கண்டுபிடிக்க நாற்பது நிமிடம் ஆனது. 4.0 முதல், படிவம் எந்தத் தளத்திலிருந்து வருகிறது என்று உலாவி சொல்லும் மூலமுகவரியை ஜாங்கோ சரிபார்க்கிறது. எங்கள் தளத்தில் எச்டிடிபிஎஸ் எனும் பாதுகாப்பான இணைப்பு, ஜாங்கோவுக்கு முன்னால் நின்று கோரிக்கைகளை வாங்கும் என்ஜினெக்ஸ் வரை மட்டுமே. அதற்குப் பின்னால் ஜாங்கோவுக்கு வெறும் எச்டிடிபி. உலாவி ஒன்றைச் சொல்ல, ஜாங்கோ இன்னொன்றை எதிர்பார்த்தது. சோதனைக் கணினியில் எச்டிடிபிஎஸ் வைக்கவே இல்லை என்பதால் இது முன்பே தெரியவில்லை. அந்தத் தவறு என்னுடையது.

மணி பதினொன்று. காலை ஆறு மணி நெருங்கிக்கொண்டிருந்தது. நுழைவுப் பக்கத்துக்கு மட்டும் இந்தச் சரிபார்ப்பை நீக்கிவிடலாமா என்ற பேச்சு எங்களுக்குள் எழுந்தது. பாதுகாப்புக்காகத் தொடங்கிய வேலையில் அதைச் செய்ய மனம் ஒப்பவில்லை. தளத்தின் முகவரியை நம்பகமான மூலங்களின் பட்டியலில் சேர்ப்பது இன்னொரு வழி. அதுவும் வேலை செய்யும். ஆனால் ஜாங்கோ தன்னை எச்டிடிபி என்றே நினைத்துக்கொண்டிருக்கும். மூன்றாவது வழியை எடுத்தோம். வெளியிலிருந்து யாராவது அனுப்பும் மதிப்பு எதுவாக இருந்தாலும் அதை அழித்து, இணைப்பு எச்டிடிபிஎஸ் தான் என்ற தலைப்பை என்ஜினெக்ஸே எழுதி அனுப்பும்படியும், ஜாங்கோ அதை நம்பும்படியும் அமைத்தோம். பழைய மின்னஞ்சல் வார்ப்புருக்களில் ‘எச்டிடிபிஎஸ்’ என்று கையால் எழுதி ஒட்டுப் போட்டிருந்ததற்கும் இதுதான் காரணம் என்று அப்போது புரிந்தது. பன்னிரண்டு மணிக்கு முன் எல்லாம் சீரானது.

## பின்விளைவு

காலணித் தொழிற்சாலையின் ஒப்பந்தம் கிடைத்தது. கடவுச்சொற்களைச் சேமிக்கும் முறையில், 1.11-இல் 36,000 முறை என்று இருந்த ஹாஷ் சுழற்சி (கடவுச்சொல்லைத் திரும்ப அறிய முடியாதபடி உருமாற்றும் கணக்கு) 4.2-இல் 6,00,000. யாரும் கடவுச்சொல்லை மாற்ற வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொருவரும் அடுத்த முறை உள்ளே நுழைந்தபோது அது தானாகவே புதிய முறைக்கு மாறிக்கொண்டது.

இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு மாலை நாலு மணிக்குப் பிப்-ஆடிட் ஓடுகிறது. ஓட்டை இருந்தால் அதே வரிசையின் புதிய பதிப்பை ஏற்றி, பழைய பில்கள், ரிப்போர்ட்டுகளோடு ஒப்பிட்டுவிட்டு, இரவு நேரலைக்குக் கொண்டுபோகிறோம். 2025-இல் ஜாங்கோ 5.2 வந்தபோது அதே சர்வரில் இருந்த பைத்தான் 3.10-உம் போஸ்ட்கிரெஸ் 14-உம் அதற்குப் போதுமானவையாக இருந்தன. அந்த மேம்பாடு ஒரு பிற்பகலில் முடிந்தது.

## மாற்றிச் செய்ய வேண்டியவை

சோதனைச் சர்வரை நேரலைச் சர்வரின் அதே அமைப்பில், எச்டிடிபிஎஸ்ஸோடும் என்ஜினெக்ஸோடும் முதல் வாரத்திலேயே அமைத்திருக்க வேண்டும். செப்டம்பர் இரவின் அந்த நாற்பது நிமிடம் அதற்குக் கொடுத்த விலை.

பதிவேடுகளின் கால அளவை, மென்பொருளைத் தொடுவதற்கு முன்பே, வந்த முதல் மணி நேரத்தில் நீட்டியிருக்க வேண்டும். நாங்கள் மூன்றாம் நாள்தான் செய்தோம். அதற்குள் மிகப் பழைய இரண்டு நாட்களின் பதிவுகள் சுழற்சியில் அழிந்துவிட்டன.

கல்லாவில் இருப்பவரையும் சாம்பிள் எடுப்பவர்களையும் முதல் நாளே உட்காரவைத்துப் பேசியிருக்க வேண்டும். நிரலைப் படித்து ஒரு வாரத்தில் நாங்கள் அறிந்ததைவிட அதிகமாக, எந்த இடத்தில் பேனாவால் திருத்துகிறோம் என்ற கேள்விக்கு அவர்கள் பத்து நிமிடத்தில் சொல்லியிருப்பார்கள். பெயர்ச்சீட்டுப் பிழையை அவர்கள் 2017-இலிருந்தே அறிந்திருந்தார்கள். யாரும் அவர்களிடம் கேட்கவில்லை.